டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் ஊசியும்: நாள்பட்ட நோயில் தளர்ந்த தசைக்கு எவ்வளவு துணை?

நாள்பட்ட நோயோடு பல ஆண்டுகள் வாழும் ஆண்களுக்குத் தொடையும் தோளும் மெலிந்து, கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாத நிலை வரும்போது, இரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் குறைந்திருந்தால், மருத்துவர்கள் சிலருக்கு அந்த ஹார்மோனை மருந்தாகத் தரத் தொடங்குகிறார்கள். தோலில் பூசும் ஜெல், வாரத்துக்கோ இரு வாரங்களுக்கோ ஒரு முறை போடப்படும் எண்ணெய் ஊசி, மூன்று மாதம் வரை தாங்கும் அண்டெகனோயேட் ஊசி, உணவோடு விழுங்கும் கேப்ஸ்யூல் என்று இது பல வடிவங்களில் கிடைக்கிறது. இந்த மருந்துகளைத் தசையின் செயல்திறன் என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன். நான் மருந்து எழுதித் தருபவன் அல்லன்; நுரையீரல் நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவன். மருந்து தொடங்கிய பிறகு நோயாளியின் கால்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்பதைப் பார்ப்பது என் வேலை.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தசையின் அளவைக் கூட்டுவதில் இந்த மருந்து நம்பத்தக்கது. வலிமையைக் கூட்டுவதில் ஓரளவு நம்பலாம். நடப்பது, படியேறுவது, எழுந்து நிற்பது போன்ற அன்றாடச் செயல்களில், பயிற்சியும் போதிய உணவும் கூட இருந்தாலொழிய, பலன் மிகச் சிறியதாகவே இருக்கிறது. ஆகவே, டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று உறுதியானவர்களுக்கு, பயிற்சியோடு சேர்த்துத் தரும்போது மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன்.

இந்த மருந்து தசைக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்தால், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாகிவிடும். டெஸ்டோஸ்டிரோன் தசை நார்களில் உள்ள ஆண்ட்ரோஜன் ஏற்பியோடு இணைந்து, புரத உற்பத்தியைத் தூண்டி, மெதுவாகச் சுருங்கும் நார், விரைவாகச் சுருங்கும் நார் ஆகிய இரு வகைகளையும் பருமனாக்குகிறது. நார்களை ஒட்டி உறங்கிக்கிடக்கும் துணைச் செல்களின் எண்ணிக்கையையும் பெருக்குகிறது. நலமான இளைஞர்களுக்கு வாரம் 25 மில்லிகிராம் முதல் 600 மில்லிகிராம் வரை ஐந்து வெவ்வேறு அளவுகளில் ஊசி போட்டு 20 வாரங்கள் கவனித்த ஆய்வில், மருந்தின் அளவு கூடக் கூடத் தசையும் கால் வலிமையும் படிப்படியாகக் கூடின. ஆனால், ஒரு குறிப்பிட்ட அளவு தசை எவ்வளவு விசை தருகிறது என்பதும், தசை எவ்வளவு விரைவில் களைத்துப்போகிறது என்பதும் மாறவில்லை. அதாவது, தசை பெரிதாவதால் வலிமை கூடுகிறதே தவிர, தசையின் தரம் உயர்வதில்லை. நாள்பட்ட நோயாளிகளைப் பெரிதும் வாட்டுவது சோர்வு என்பதால், இந்த வேறுபாடு அவர்களுக்கு மிகவும் முக்கியமானது. இரண்டு படி ஏறியதும் கால் கடுத்து நின்றுவிடும் ஒருவருக்குத் தொடை பருத்தால் மட்டும் அந்தக் கடுப்பு நீங்கிவிடாது.

நாள்பட்ட நோயில் இந்த ஹார்மோன் குறைவதற்கும் பல காரணங்கள் உண்டு. மூளையின் ஹைப்போதாலமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் அனுப்பும் கட்டளையை ஏற்று விரைகளில் உள்ள லைடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. நீடித்த அழற்சி, உடல் மெலிவு, தொடர்ந்து உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகள், வலிக்காக நெடுநாள் எடுக்கும் ஓபியாய்டு மருந்துகள் ஆகிய எல்லாமே அந்தக் கட்டளையை மட்டுப்படுத்துகின்றன. ஸ்டீராய்டு மாத்திரை இரட்டைக் கேடு செய்கிறது: ஹார்மோனையும் குறைக்கிறது, தசையையும் நேரடியாக அரிக்கிறது. ஆகவே, ஜெல்லைத் தொடங்குவதற்கு முன், அந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வழியிருக்கிறதா என்று கேட்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும். இந்தக் கேள்வி பல நேரங்களில் கேட்கப்படாமலே போய்விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

பரிசோதனையிலும் அவசரம் கூடாது. அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் இரண்டு வெவ்வேறு நாட்களில் அளவு குறைந்திருக்க வேண்டும். அதோடு அறிகுறிகளும் இருக்க வேண்டும். பருமனற்ற, நலமான இளைஞர்களில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை இருப்பது இயல்பு என்று அந்த வழிகாட்டுதல் கொள்கிறது. காய்ச்சலோ, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றிய வேளையோ இந்தப் பரிசோதனைக்கு உகந்ததல்ல. அந்த நாட்களில் யாருக்கும் அளவு தாழ்ந்துவிடும், உடல் தேறியதும் மீண்டும் ஏறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஹார்மோனை இரத்தத்தில் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் கல்லீரல் நோயிலும் எச்.ஐ.வி. தொற்றிலும் கூடுகிறது, உடல் பருமனிலும் நீரிழிவிலும் குறைகிறது. ஆகவே கல்லீரல் சுருக்க நோயாளி ஒருவருக்கு மொத்த அளவு சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும், தசைக்கு உண்மையில் கிடைக்கும் கட்டற்ற ஹார்மோன் மிகக் குறைவாக இருக்கலாம். இத்தகையவர்களுக்குக் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனையும் கணக்கிட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பது சரியாகாது.

இனி, ஒவ்வொரு நோயிலும் இந்த மருந்து என்ன தந்திருக்கிறது என்று பார்க்கலாம். என் துறைக்கு நெருக்கமான நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்த 47 ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, வாரம் 100 மில்லிகிராம் எனாந்தேட் என்ற டெஸ்டோஸ்டிரோன் எண்ணெய் ஊசி அல்லது போலி ஊசி, எடைப் பயிற்சியோடும் பயிற்சியின்றியும், பத்து வாரங்கள் கொடுத்தார்கள். காலால் எடையைத் தள்ளும் வலிமை, ஊசி மட்டும் பெற்றவர்களுக்கு 17.2 விழுக்காடும், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17.4 விழுக்காடும், இரண்டும் பெற்றவர்களுக்கு 26.8 விழுக்காடும் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனால் அது காட்டும் படம் தெளிவானது. ஊசி தந்த பலனைப் பயிற்சியும் அப்படியே தந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தபோது அதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ஊசிக்கு மருத்துவக் காரணத்தால் தடை உள்ள ஒருவர், பயிற்சியால் மட்டுமே ஏறத்தாழ அதே வலிமையைப் பெறலாம் என்பதை நான் இந்த ஆய்வைக் காட்டித்தான் நோயாளிகளுக்குச் சொல்கிறேன்.

எல்லா நோயிலும் இப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. எச்.ஐ.வி. தொற்றால் எடை இழந்த, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 61 ஆண்களிடம் 16 வாரங்கள் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஊசியும் பயிற்சியும் தனித்தனியே வலிமையைக் கூட்டின. ஆனால் இரண்டையும் சேர்த்ததால் தனியாகக் கிடைத்ததைவிட மேலான பலன் கிடைக்கவில்லை. கல்லீரல் சுருக்கத்தில், 101 ஆண்களுக்கு ஓராண்டு அண்டெகனோயேட் ஊசி தந்த ஆய்வு, கை கால்களின் தசையைப் போலி மருந்துக் குழுவைவிட 1.69 கிலோ கூட்டியது. கல்லீரல் நோயில் உருகிப்போகும் உடலைத் தடுத்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று அறிந்தவர்களுக்கு இது பெரிய எண்.

இதயச் செயலிழப்பில் கிடைத்த முடிவுகள் ஊக்கம் தருபவை. ஆனால் அங்கேதான் மிகுந்த எச்சரிக்கையும் வேண்டும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், முதிய இதயச் செயலிழப்பு நோயாளிகள் 70 பேருக்கு 12 வாரங்கள் நீண்டகால ஊசி போட்டதில், உடற்பயிற்சியின்போது உட்கொள்ளும் ஆக்சிஜன் அளவும் தொடை வலிமையும் உயர்ந்தன. இப்படிப்பட்ட நான்கு சிறு ஆய்வுகளை 2012இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, ஆறு நிமிட நடையில் கடக்கும் தொலைவு சராசரியாக 54 மீட்டர் கூடியிருந்தது. ஆனால் அந்த நான்கிலும் சேர்த்துப் பங்கேற்றவர்கள் 198 பேர் மட்டுமே. கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இந்த மருந்தைத் தொடங்கவே கூடாது என்று அதே எண்டோகிரைன் சங்கம் சொல்கிறது. ஏனெனில் டெஸ்டோஸ்டிரோன் உடலில் நீரைத் தேக்கக்கூடியது. கால் வீங்கியிருக்கும்போது, மூச்சிரைப்பு கூடிக்கொண்டிருக்கும்போது, 54 மீட்டர் என்ற எண்ணைக் கேட்டு ஆசைப்பட இடமே இல்லை.

வயது முதிர்ந்தோரிடம் நடந்த பெரிய ஆய்வுகள் இந்த மருந்தின் எல்லையை இன்னும் தெளிவாகக் காட்டின. 65 வயதுக்கு மேற்பட்ட, டெஸ்டோஸ்டிரோன் 275 நானோகிராமுக்குக் கீழ் இருந்த 790 ஆண்களிடம் ஓராண்டு ஜெல் தந்து நடத்தி, 2016, 2017 ஆண்டுகளில் வெளியிட்ட ஏழு இணை ஆய்வுகளில், நடை பற்றிய ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஏழு ஆய்வுகளிலும் சேர்ந்த அனைவரையும் கணக்கில் எடுத்தபோதுதான், ஆறு நிமிட நடையில் 50 மீட்டருக்குக் குறையாமல் முன்னேறியவர்கள் ஜெல் பூசியவர்களில் 20.5 விழுக்காடும், போலி ஜெல் பூசியவர்களில் 12.6 விழுக்காடும் என்ற வேறுபாடு தெரிந்தது. மருந்து பெற்ற ஐந்து பேரில் நால்வருக்கு நடை அந்த அளவுக்குக் கூடவில்லை என்பதே இதன் பொருள். நடை மேம்படும் என்ற நம்பிக்கையில் மருந்து வாங்கும் ஒவ்வொருவரிடமும் இந்த எண்ணை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் இரத்தசோகை இருந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் உயர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோர்வுக்கு இரத்தசோகையும் ஒரு காரணமாக இருப்பவர்களுக்கு அது கூடுதல் ஆதாயம்.

பாதுகாப்பு பற்றிய கதை நேர்கோட்டில் போகவில்லை. நடமாட்டம் குறைந்த 209 முதியவர்களிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், காலின் வலிமையும் சுமையோடு படியேறும் ஆற்றலும் கூடின. ஆயினும் ஜெல் பெற்றவர்களில் 23 பேருக்கும் போலி ஜெல் பெற்றவர்களில் 5 பேருக்கும் இதயம், இரத்த நாளம் தொடர்பான கேடுகள் நேர்ந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். அவர்களில் பலருக்கு உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஏற்கெனவே இருந்தன. நாம் பேசும் நாள்பட்ட நோயாளிகளின் நிலைக்கு மிக நெருக்கமானவர்கள் அவர்கள். அந்த அச்சத்தைத் தீர்க்கவென்று நடத்தப்பட்ட டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வெளியானது. இதய நோய் இருந்த அல்லது வரும் வாய்ப்பு மிகுந்த, 45 முதல் 80 வயது வரையான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் அதில் சேர்ந்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை மருந்துக் குழுவில் 7.0 விழுக்காடும் போலி மருந்துக் குழுவில் 7.3 விழுக்காடும் நேர்ந்தன. அந்த அளவில் மனம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கின்மை, நுரையீரல் இரத்த உறைவு, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகிய மூன்றும் மருந்துக் குழுவில் கூடுதலாக இருந்தன.

எனக்குப் பெரும் வியப்பளித்தது அடுத்த ஆண்டு வெளிவந்த எலும்பு முறிவுக் கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், முறிவுகள் குறையும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். டிராவர்ஸில் மருந்து பெற்றவர்களில் 3.50 விழுக்காட்டினருக்கும் போலி மருந்து பெற்றவர்களில் 2.46 விழுக்காட்டினருக்கும் எலும்பு முறிந்தது. உடலில் தெம்பு வந்ததும் முன்பு தவிர்த்த வேலைகளில் இறங்கி விழுந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம், அது நிறுவப்படவில்லை. ஆனாலும் சமநிலைப் பயிற்சியைத் தொடங்காமல் இந்த மருந்தை மட்டும் தருவதை நான் ஏற்காததற்கு இந்தக் கணக்கு ஒரு வலுவான காரணம்.

எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது நோயைப் பொறுத்தது. ஜெல் ஹார்மோன் அளவை நாளுக்கு நாள் ஏறத்தாழ சீராக வைத்திருக்கிறது. வேண்டாம் என்று தோன்றினால் உடனே நிறுத்தலாம் என்பது அதன் பெரிய நன்மை. நோய் எப்போது திசை மாறும் என்று சொல்ல முடியாதவர்களுக்கு இதனால் ஜெல்லே ஏற்றது என்று கருதுகிறேன். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்கும், தட்டணுக்கள் குறைந்த கல்லீரல் நோயாளிகளுக்கும் தசைக்குள் ஆழமாகப் போடும் ஊசி உள்ளே இரத்தக் கட்டை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர்களும் ஜெல்லைப் பற்றியே முதலில் கேட்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: டெஸ்டோஸ்டிரோன் அதன் வேகத்தைக் கூட்டும். ஜெல்லின் குறை, அது தோலிலிருந்து பிறர் மீது ஒட்டுவது. குழந்தைகளின் உடலில் இது ஏறி, பருவத்துக்கு முன்பே உடல் மாற்றங்களை உண்டாக்கிய நிகழ்வுகளால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009இல் இதற்குக் கடும் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. பூசியதும் சோப்பால் கையைக் கழுவி, காய்ந்த பிறகு அந்த இடத்தைச் சட்டையால் மூட வேண்டும். தாத்தாவின் தோளில் பேரக்குழந்தை சாய்ந்து உறங்கும் வீடுகளில் இது சிறிய விஷயமல்ல.

குறுகியகால ஊசியில் போட்ட சில நாட்களில் அளவு உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்கு முன் தாழ்ந்துபோகிறது. மனநிலையும் தெம்பும் அதோடு ஏறி இறங்குவதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரத்தம் தடிப்பதும் ஜெல்லைவிட இதில் அதிகம். நீண்டகால ஊசியில் அந்த ஏற்றத்தாழ்வு குறைவு. ஆனால் ஒருமுறை போட்டுவிட்டால் வாரக்கணக்கில் திரும்பப் பெற முடியாது, போட்ட உடனே எண்ணெய்த் துளிகள் நுரையீரலை எட்டி இருமலும் மூச்சடைப்பும் உண்டாவது அரிதாக நேர்கிறது. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற பழைய மாத்திரையைப் பற்றி ஒரே வரிதான்: கல்லீரலுக்குக் கேடு செய்வது, வேண்டாம்.

இரத்தம் தடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும், 48 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் தொடங்குவதே கூடாது என்பது வழிகாட்டுதல். நீரிழிவைத் தடுக்கும் நோக்கில் 1007 ஆண்களிடம் இரண்டாண்டுகள் நடந்து 2021இல் வெளியான டி4டிஎம் ஆய்வில், நீண்டகால ஊசி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் அந்த 54 விழுக்காடு என்ற எல்லையை எட்டினார்கள். நுரையீரல் நோயில் ஆக்சிஜன் குறைவதாலேயே சிவப்பணுக்கள் ஏற்கெனவே பெருகியிருக்கும். அதன் மேல் இந்த மருந்தும் சேர்ந்தால் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. ஆகவே என்னிடம் வரும் நுரையீரல் நோயாளிகள் மருந்து தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டார்களா என்று கேட்காமல் நான் பயிற்சியின் கடுமையைக் கூட்டுவதில்லை. அதே வேளையில் புராஸ்டேட் சுரப்பியைக் கண்காணிக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையும் நடக்க வேண்டும். புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கடந்த ஆறு மாதங்களுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் கடும் கோளாறுக்குச் சிகிச்சை பெறாதவர்கள், விரைவில் குழந்தை வேண்டும் என்று விரும்புபவர்கள் ஆகியோருக்கு இந்த மருந்து பொருந்தாது. கடைசியில் சொன்னதை இளம் நோயாளிகளிடம் பலரும் சொல்லத் தவறுகிறார்கள்: வெளியிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் விந்தணு உற்பத்தியை அடக்கிவிடும்.

பலனை அளக்கும் முறைதான் இந்த மருந்தின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். எடை காட்டும் கருவி இங்கே ஏமாற்றும். முதல் வாரங்களில் கூடும் எடையில் தேங்கிய நீரும் ஒரு பங்கு. தொடங்கும் முன்பே ஆறு நிமிட நடைத் தொலைவு, ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார ஆகும் நேரம், கைப்பிடி வலிமை, ஒரு மாடி ஏற ஆகும் நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அதே அளவைகளைத் திரும்ப எடுக்க வேண்டும். நுரையீரல் நோயாளியின் நடைத் தொலைவு ஏறத்தாழ 30 மீட்டர் கூடினால்தான் அந்த வேறுபாட்டை அவரே உணர்வார். தசையும் வலிமையும் கூடுவது மூன்று நான்கு மாதங்களில் தெரியத் தொடங்கி, ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் நிலைபெறுவதால், முதல் மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கைவிடுவதும் தவறு, ஓராண்டாகியும் ஒன்றும் மாறாதபோது தொடர்வதும் தவறு.

நிறுத்துவதென்று முடிவானால், பல மாதங்கள் வெளியிலிருந்து ஹார்மோன் பெற்ற உடல் தன் சொந்தச் சுரப்பை மீட்டுக்கொள்ள வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதையும், அந்த இடைவெளியில் சோர்வும் தளர்ச்சியும் தற்காலிகமாகக் கூடலாம் என்பதையும் நோயாளியிடமும் அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் முன்கூட்டியே சொல்லி, அந்த வாரங்களில் எடைப் பயிற்சி ஒருநாளும் விட்டுப்போகாதபடி அட்டவணையை வகுத்துக் கொடுக்க வேண்டும்.